கட்டளை வரியில் ஹிஸ்டரியும் வரித் திருத்தமும்: சோதிப்பதற்கான முழுமையான வழிகாட்டி

ப்ராம்ப்ட் (கட்டளைக்குக் காத்திருப்பதைக் காட்டும் குறி) காட்டி வரிவரியாகக் கட்டளை வாங்கும் எந்த நிரலிலும் பயனர் இரண்டு வசதிகளைக் கேட்காமலே எதிர்பார்ப்பார். மேல் அம்புக்குறியை அழுத்தினால் முந்தைய கட்டளை வர வேண்டும். வந்த கட்டளையின் நடுவே போய் ஓர் எழுத்தை மாற்ற முடிய வேண்டும். இவை ஒழுங்காக ஓடும்வரை யார் கண்ணிலும் படாது. கெட்டால் முதல் நிமிடத்திலேயே தெரிந்துவிடும். இருந்தும் பல திட்டங்களில் இவற்றுக்குத் தானியங்கிச் சோதனை கிடையாது, அல்லது இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இரண்டாவதுதான் ஆபத்தானது.

பைப் வழியாகச் சோதிப்பது ஏன் வீண்

ஒரு கோப்பையோ, இன்னொரு நிரலின் வெளியீட்டைக் கடத்தித் தரும் பைப்பையோ நிரலின் உள்ளீட்டில் இணைத்து, வரும் வெளியீட்டை ஒப்பிடுவது நாம் பழகிய முறை. வரித் திருத்தத்துக்கு அது உதவாது. பாஷ் என்ற கட்டளை ஷெல், பைத்தான் போன்றவை தொடங்கும்போதே உள்ளீட்டின் மறுமுனையில் டெர்மினல் இருக்கிறதா என்று இயங்குதளத்திடம் கேட்கின்றன. இல்லை என்று பதில் வந்தால் திருத்தம், ஹிஸ்டரி இரண்டையும் ஒதுக்கிவிட்டு, சாதாரணமாக வரியைப் படித்துக்கொள்கின்றன. சோதனை பச்சை நிறம் காட்டும். திருத்தத்துக்கான நிரல்வரி ஒன்றுகூட ஓடியிருக்காது.

டெர்மினலுக்கும் இரண்டு நிலைகள் உண்டு. வழக்கமான நிலையில் இயங்குதளமே வரியைச் சேர்த்து வைத்து, என்டர் தட்டிய பிறகுதான் நிரலுக்குத் தரும். பேக்ஸ்பேஸைக்கூட அதுவே கவனித்துக்கொள்ளும். ரா நிலையில் ஒவ்வொரு விசையும் பைட்டாக உடனே நிரலுக்கு வந்துவிடும். ரீட்லைன், லிப்எடிட், லைன்நாய்ஸ் போன்ற நூலகங்கள் வரி வாங்கும்போது இந்த இரண்டாம் நிலைக்கு மாறி, வேலை முடிந்ததும் பழைய நிலைக்குத் திரும்புகின்றன. பின்னால் வரும் பிழைகளில் பாதி இந்த மாற்றத்தின் ஓரங்களில் பிறப்பவை.

ஆகவே போலி டெர்மினல் தேவை. லினக்ஸ், மேக் இரண்டிலும் இயங்குதளமே அதைத் தரும்: ஒரு முனையைச் சோதனை பிடித்துக்கொள்ளும், மறுமுனையை நிரல் நிஜ டெர்மினல் என்று நம்பும். டான் லைப்ஸ் எழுதிய எக்ஸ்பெக்ட், பைத்தானுக்கான பிஎக்ஸ்பெக்ட், விசைகளை அனுப்பித் திரையைப் பிடித்துத் தரும் டிமக்ஸ் ஆகியவை இதற்கு ஏற்ற கருவிகள்.

எதை எங்கே சோதிப்பது

வரித் திருத்தத்துக்குள் நான்கு வேலைகள் நடக்கின்றன. வரும் பைட்டுகளை விசைகளாகப் புரிந்துகொள்வது, எழுத்துத் தொகுப்பையும் கர்சர் இடத்தையும் மாற்றுவது, அதைத் திரையில் வரைவது, ஹிஸ்டரியை வைத்துக் காப்பது. நீங்களே எழுதிய திருத்தி என்றால் நான்கையும் தனித்தனியே சோதிக்க வேண்டும். ரீட்லைனைச் சேர்த்திருக்கிறீர்கள் என்றால் அதன் உள்வேலையை மறுபடி சோதிக்க வேண்டாம். அதை நீங்கள் எப்படி அழைக்கிறீர்கள், ப்ராம்ப்டை எப்படிக் கொடுக்கிறீர்கள், ஹிஸ்டரிக் கோப்பை எப்போது படித்து எப்போது எழுதுகிறீர்கள் என்பவைதான் உங்கள் பொறுப்பு.

எந்த அடுக்கானாலும் ஒன்றை மறக்கக் கூடாது: நிரலுக்குப் போய்ச் சேர்ந்த வரி வேறு, திரையில் தெரிந்த வரி வேறு. இரண்டும் ஒன்றையொன்று பொய்யாக்க முடியும். திரையில் அழிந்த எழுத்து பஃபரில், அதாவது நிரல் நினைவகத்தில் வைத்திருக்கும் வரியில், மிச்சமிருக்கலாம். பஃபர் சரியாக இருக்க, திரை குப்பையாக இருக்கலாம். ஒவ்வொரு முக்கியச் சோதனையும் இரண்டையும் தனித்தனியே கேட்க வேண்டும்.

முதல் படி: சூழலைப் பூட்டுதல்

உங்கள் கணினியில் தேறி, வேறொருவர் கணினியில் விழும் சோதனைகளுக்குப் பெரும்பாலும் சூழல் மாறிகள்தான் காரணம். நிரலைத் தொடங்கும் முன் இவற்றைக் கட்டாயமாக நிர்ணயியுங்கள்.

ஹோம் கோப்புறை: ஒவ்வொரு சோதனைக்கும் காலியான தற்காலிகக் கோப்புறை. இல்லையென்றால் உங்கள் சொந்த ஹிஸ்டரி சோதனைக்குள் வரும். அதைவிட மோசமாக, சோதனைக் குப்பை உங்கள் ஹிஸ்டரிக்குள் போகும்.

ரீட்லைனின் அமைப்புக் கோப்பு: இன்புட்ஆர்சி மாறியைக் காலிக் கோப்பு ஒன்றுக்குத் திருப்புங்கள். யாரோ ஒருவர் தன் கணினியில் வி பாணியை (வி என்ற எடிட்டரின் விசை முறையை) இயக்கி வைத்திருப்பார். இசட்ஷெல் இன்னும் ஒரு படி மேலே போய், எடிட்டர் மாறியின் மதிப்பில் வி என்ற பெயர் இருந்தாலே தானாக வி பாணிக்கு மாறிவிடும். அந்த மாறியையும் நீக்குங்கள்.

டெர்மினல் வகை: எக்ஸ்டெர்ம்-256கலர் போன்ற ஒன்றை வெளிப்படையாகக் கொடுங்கள். ‘டம்ப்’ என்று கொடுத்தால் வெளியீடு சுத்தமாக வரும், ஆனால் வரைதல் பகுதி முழுக்கச் சோதனையிலிருந்து நழுவிவிடும்.

மொழி அமைப்பு: யுடிஎஃப்-8 (தமிழ் உட்பட எல்லா எழுத்துகளையும் பைட்டுகளாக எழுதும் முறை) உள்ள ஒன்று.

திரை அளவு: போலி டெர்மினலைக் கையால் உருவாக்கினால் தொடக்க அளவு 0 வரிசை, 0 நெடுவரிசை. நிரல் அதைப் பார்த்துத் தன் போக்கில் 80 என்று ஊகிக்கும், அல்லது 0-ஆல் வகுத்து விழும். 24 வரிசை, 80 நெடுவரிசை என்று நீங்களே அமையுங்கள். அந்த 0 அளவையே தனிச் சோதனையாக வைப்பதும் நல்லதுதான்.

இரண்டாம் படி: ஓர் ஆய்வு நிரல்

சோதனைக்கென்றே பத்து வரியில் ஒரு சிறு நிரல் எழுதுங்கள். உங்கள் திருத்தி வழியாக ஒரு வரியை வாங்கி, அதிலுள்ள பைட்டுகளை எண்களாகச் சதுர அடைப்புக்குறிக்குள் அச்சிட்டுவிட்டு, மறுபடி ப்ராம்ப்ட் காட்டினால் போதும். 12 என்று தட்டினால் [49 50] என்று வர வேண்டும்.

இது ஏன்? டெர்மினல் நாம் தட்டியதைத் திருப்பிக் காட்டும். ‘வணக்கம்’ என்று அனுப்பிவிட்டு ‘வணக்கம்’ வருகிறதா என்று காத்திருந்தால், நிரல் எதுவுமே செய்யாவிட்டாலும் அந்த எதிரொலி பொருந்திவிடும். இப்படிப் பொய்யாகத் தேறும் சோதனைகள் இந்தத் துறையில் ஏராளம். எண்களாக அச்சிட்டால் அந்தக் குழப்பமே இல்லை. கண்ணுக்குத் தெரியாத பைட் ஒன்று வரிக்குள் ஒளிந்திருந்தாலும் பிடிபடும்.

மூன்றாம் படி: விசைகள்

கீழே எல்லாம் பத்தடிமான எண்கள். கன்ட்ரோலுடன் ஓர் ஆங்கில எழுத்தைத் தட்டினால், அகரவரிசையில் அந்த எழுத்தின் இடமே பைட்டாகப் போகும்.

வரியின் தொடக்கம் 1, முடிவு 5
கர்சரிலிருந்து முடிவுவரை வெட்டு 11, தொடக்கம்வரை வெட்டு 21, முந்தைய சொல்லை வெட்டு 23, வெட்டியதை ஒட்டு 25
கர்சரில் உள்ள எழுத்தை அழி, வரி காலியானால் வெளியேறு 4
பின்னோக்கித் தேடு 18, தேடலைக் கைவிடு 7
பேக்ஸ்பேஸ் 127, சில டெர்மினல்களில் 8
மேல் 27 91 65, கீழ் 27 91 66, வலம் 27 91 67, இடம் 27 91 68
டெலீட் 27 91 51 126

அம்புக்குறிகளுக்கு இன்னொரு வடிவமும் உண்டு. டெர்மினல் ‘பயன்பாட்டு நிலை’யில் இருக்கும்போது 91-க்குப் பதில் 79 வரும்: மேல் என்றால் 27 79 65. ஹோம் விசை இன்னும் மோசம். 27 91 72, 27 79 72, 27 91 49 126 என மூன்று வடிவங்களும் புழக்கத்தில் உள்ளன. மூன்றையும் அனுப்பிப் பாருங்கள். அடையாளம் தெரியாத தொடர் வந்தால் அதை முழுதாக விழுங்க வேண்டும். 27-ஐ மட்டும் விழுங்கிவிட்டு மீதியை எழுத்தாகச் சேர்ப்பதுதான் வழக்கமான பிழை. வரியில் திடீரென்று ஒரு சதுர அடைப்புக்குறியும் ஓர் எழுத்தும் முளைத்தால் காரணம் இதுவே.

என்டருக்கு 10 அனுப்பாமல் 13 அனுப்புங்கள். விசைப்பலகையிலிருந்து வருவது 13. வழக்கமான நிலையில் இயங்குதளம் அதை 10 ஆக மாற்றித் தரும். ரா நிலையில் அந்த மாற்றத்தை அணைத்துவைக்கும் நிரல்களே அதிகம். 10 மட்டும் அனுப்பும் சோதனை, நிஜ என்டர் வேலை செய்யாத நிரலையும் தேற்றிவிடும்.

அடுத்தது துண்டாக வரும் பைட்டுகள். வலை வழியாக வேலை செய்பவர்களுக்கு 27 ஒரு பொட்டலத்திலும் 91 65 அடுத்ததிலும் வருவது சாதாரணம். 27 அனுப்பி, 20 மில்லிவினாடி விட்டு 91, இன்னும் 20 விட்டு 65 அனுப்புங்கள். ஒரே மேல் அம்புக்குறியாகத்தான் புரிய வேண்டும். இதன் மறுபக்கம் தனி எஸ்கேப் விசை; அது அனுப்புவது 27 மட்டுமே. வி பாணியில் எஸ்கேப் தன்னளவில் ஒரு கட்டளை என்பதால், இன்னும் ஏதாவது வருமா என்று நிரல் எவ்வளவு நேரம் காத்திருக்கிறது என்பது முக்கியம். ரீட்லைனின் இயல்பு 500 மில்லிவினாடி, இசட்ஷெல்லின் இயல்பு 400. உங்கள் வரம்பு எதுவோ, அதில் பாதி நேர இடைவெளியிலும் இரண்டு மடங்கு இடைவெளியிலும் ஒவ்வொரு சோதனை வையுங்கள். சரியாக வரம்பில் வைக்காதீர்கள். அது நாளுக்கொரு விடை சொல்லும்.

யுடிஎஃப்-8 எழுத்துக்கும் இதே சோதனை வேண்டும். ‘அ’ என்பது 224 174 133. மூன்றையும் தனித்தனியாக அனுப்பினாலும் ஓர் எழுத்தாகச் சேர வேண்டும். 224 மட்டும் வந்து அடுத்து 13 வந்தால் நிரல் தொங்கக் கூடாது.

நான்காம் படி: பஃபர்

இது எளிது. திரை வேண்டாம், டெர்மினல் வேண்டாம். பஃபரைத் தனி வகுப்பாகப் பிரித்திருந்தால் சாதாரண அலகுச் சோதனையே போதும். 12345 தட்டி, இடம் இரண்டு முறை, 9 தட்டினால் 123945. காலி வரியில் பேக்ஸ்பேஸ், தொடக்கத்தில் இடம், முடிவில் வலம் ஆகிய மூன்றும் எதையும் மாற்றக் கூடாது.

பைட் 4-க்கு இரண்டு முகம் இருப்பதால் மூன்று சோதனைகள். காலி வரியில் நிரல் முடிய வேண்டும். வரியின் நடுவில் கர்சர் மேலுள்ள எழுத்து அழிய வேண்டும். எழுத்துள்ள வரியின் முடிவில் எதுவும் நடக்கக் கூடாது. மூன்றாவதைத் தவறவிட்ட நிரல், பாதிக் கட்டளையோடு பயனரை வெளியே தள்ளிவிடும்.

வெட்டி ஒட்டுவதில் ரீட்லைனுக்கு ஒரு குணம்: அடுத்தடுத்து வெட்டியவை ஒரே துண்டாகச் சேரும், நடுவில் வேறு விசை வந்தால் புதுத் துண்டு தொடங்கும். அதைப் பின்பற்றுவதாகச் சொல்லும் திருத்தியில் 23, 23, 25 அனுப்பினால் இரண்டு சொற்களும் மூல வரிசையிலேயே திரும்ப வர வேண்டும். வரிசை தலைகீழாக வருகிறதா என்று பாருங்கள்.

ஐந்தாம் படி: போலி டெர்மினலில் ஓட்டுதல்

நேரம்தான் இங்கே எதிரி. நிரல் ரா நிலைக்கு மாறும் முன்பே விசைகளை அனுப்பினால் இரண்டில் ஒன்று நடக்கும். லைன்நாய்ஸ் போன்றவை நிலை மாறும்போது காத்திருக்கும் உள்ளீட்டை வீசிவிடுவதால் முதல் சில எழுத்துகள் காணாமல் போகும். அல்லது பழைய நிலையில் இயங்குதளமே விசைகளை எதிரொலித்து, வரி இரண்டு முறை தெரியும். எனவே ப்ராம்ப்ட் வரும்வரை காத்திருந்து பிறகு அனுப்புங்கள். பிஎக்ஸ்பெக்ட் ஒவ்வோர் அனுப்புதலுக்கு முன்னும் தானாக 50 மில்லிவினாடி பொறுக்கும். அதை வேகத்துக்காக எடுத்துவிட்டவர்கள் பெரும்பாலும் திருப்பி வைக்கிறார்கள்.

நிலையான தூக்க நேரங்களை ஆங்காங்கே தூவாதீர்கள். ஒவ்வொரு படியின் முடிவிலும் ஒரு தெளிவான அடையாளத்துக்குக் காத்திருங்கள். ஆய்வு நிரலின் மூடும் அடைப்புக்குறியும் அடுத்த ப்ராம்ப்டும் அதற்குப் போதும்.

இன்னும் சில பொறிகள். நிரல் அச்சிடும் 10 என்ற பைட் உங்கள் பக்கம் 13 10 ஆக வந்து சேரும். லினக்ஸில் நிரல் முடிந்தபின் போலி டெர்மினலைப் படித்தால் கோப்பு முடிவு வராது, உள்ளீட்டுப் பிழை வரும். அதையே முடிவாக எடுத்துக்கொள்ளுங்கள். வழக்கமான நிலையில் லினக்ஸ் ஒரு வரிக்கு 4096 பைட்டுக்கு மேல் வாங்காது, மிச்சத்தை விட்டுவிடும். ‘நீண்ட வரி வெட்டுப்படுகிறது’ என்ற புகாரில் நிரலைக் குறை சொல்லும் முன் எந்த நிலையில் அனுப்பினீர்கள் என்று பாருங்கள். ரீட்லைன் 8.1 பதிப்பிலிருந்து அடைப்பிட்ட ஒட்டல் (ஒட்டிய உரையின் முன்னும் பின்னும் டெர்மினல் அடையாளம் வைக்கும் வசதி) இயல்பாகவே இயங்குவதால், ஒவ்வொரு ப்ராம்ப்டுக்கு முன்னும் ஒரு கண்ணுக்குத் தெரியாத எஸ்கேப் தொடர் வரும். பழைய பதிப்பில் எழுதி, ‘வரி ப்ராம்ப்டில் தொடங்க வேண்டும்’ என்று கறாராக ஒப்பிட்ட சோதனைகள் அங்கேதான் விழும்.

ஆறாம் படி: திரை

வெளியீட்டுப் பைட்டுகளை அப்படியே ஒப்பிடாதீர்கள். ஓர் எழுத்தைச் செருக, வரியை மீண்டும் எழுதலாம், அல்லது செருகும் கட்டளையை அனுப்பலாம். நூலகம் எதைத் தேர்ந்தெடுக்கும் என்பது பதிப்புக்குப் பதிப்பு மாறும். பைட்டுகளை ஒரு டெர்மினல் பாவனைக்குள் ஊற்றி, இறுதியில் எந்தக் கட்டத்தில் எந்த எழுத்து, கர்சர் எங்கே என்று மட்டும் கேளுங்கள். பைத்தானில் பைட்டி என்ற நூலகம் இதைச் செய்யும். டிமக்ஸின் திரைப்பிடிப்பும் போதும்.

திரையை 20 நெடுவரிசையாகச் சுருக்கி, ப்ராம்ப்டை 2 நெடுவரிசையாக வையுங்கள். இப்போது 17, 18, 19 எழுத்துகள் கொண்ட மூன்று வரிகளைத் தட்டுங்கள். 18-இல் வரிசை சரியாக நிரம்புகிறது. பெரும்பாலான டெர்மினல்கள் அந்த நொடியில் கர்சரை அடுத்த வரிசைக்கு இறக்காமல் கடைசிக் கட்டத்திலேயே நிறுத்திவைத்து, அடுத்த எழுத்து வந்தபின்தான் இறக்கும். நிரல் தன் கணக்கில் முன்பே இறங்கியிருக்கும். அந்த இடைவெளியில் பேக்ஸ்பேஸ், இடம், வரித் தொடக்கம் மூன்றையும் தட்டிப் பாருங்கள். கையால் எழுதிய திருத்திகளில் இந்த ஒரு சோதனை பிடிக்கும் பிழைகள் மற்ற எல்லாவற்றையும்விட அதிகம்.

பிறகு நீளமான ஹிஸ்டரி வரியிலிருந்து குட்டையானதுக்குத் தாவுங்கள். மூன்று வரிசை பிடித்த கட்டளையின் வால், ஒரு வரிசைக் கட்டளைக்குக் கீழே தொங்கிக்கொண்டிருந்தால் அழிப்பது தவறுகிறது.

வண்ண ப்ராம்ப்ட் இன்னொரு பழைய தலைவலி. பச்சையில் தொடங்கி இயல்புக்குத் திரும்பும் தொடர்கள் 5, 4 என மொத்தம் 9 பைட். திரையில் அவற்றுக்கு அகலமே இல்லை. நூலகம் அதை அறியாவிட்டால் வரி 9 நெடுவரிசை முன்பே மடங்கி, தன் மேலேயே எழுதிக்கொள்ளும். ரீட்லைனில் அகலமற்ற பகுதியை 1, 2 என்ற பைட்டுகளுக்கு நடுவே வைக்க வேண்டும்; பாஷில் அதற்கு ஈடாக பின்சாய்கோட்டோடு சதுர அடைப்புக்குறிகள் உள்ளன. வண்ணத்தோடும் இல்லாமலும் ஒரே நீண்ட வரியைத் தட்டி, இரண்டு திரைகளும் எழுத்தளவில் ஒன்றாக இருக்கின்றனவா என்று ஒப்பிடுங்கள்.

வரி பாதியில் இருக்கும்போது திரை அளவை 80-இலிருந்து 30-க்கு மாற்றுங்கள். டெர்மினல் தானே வரியை மடித்திருக்கும்; நிரலும் தன் பங்குக்கு மறுபடி வரையும். ப்ராம்ப்ட் இரண்டாகத் தெரிகிறதா என்று பாருங்கள். இதை முழுமையாகச் சரிசெய்வது கடினம். பஃபர் கெடாமல், அடுத்த விசையில் திரை தெளிந்தால் ஏற்றுக்கொள்ளலாம் என்பது எங்கள் கருத்து.

ஏழாம் படி: தமிழும் பிற எழுத்துகளும்

ஆங்கில எழுத்துகளில் பைட், குறியெண் (யூனிகோடு ஒவ்வோர் எழுத்துக்கும் குறிக்கும் தரும் எண்), திரைக் கட்டம், கண்ணுக்குத் தெரியும் எழுத்து எல்லாம் ஒன்றே. தமிழில் நான்கும் பிரிந்துவிடும். ‘நி’, ‘நீ’ இரண்டுமே 2 குறியெண், 6 பைட். ஆனால் யூனிகோடு அட்டவணையில் இகரக் குறி இடம் பிடிக்கும் வகை, ஈகாரக் குறியும் புள்ளியும் இடம் பிடிக்காத வகை. அந்த வகையை மட்டும் பார்க்கும் அகலக் கணக்கு ‘நி’க்கு 2 கட்டமும் ‘நீ’க்கு 1 கட்டமும் தரும். டெர்மினலின் கணக்கும் நிரலின் கணக்கும் ஒத்துப்போனால் சரி. மாறினால் கர்சர் ஓர் இடத்திலும் எழுத்து வேறிடத்திலும் நிற்கும். அகலத்தை வைத்து ‘முந்தைய எழுத்தை’த் தேடும் நிரலில் பேக்ஸ்பேஸ், ‘நீ’யை மொத்தமாக அழித்து, ‘நி’யில் குறியை மட்டும் அழிக்கும். இரண்டும் ஒரே மாதிரி நடக்க வேண்டும் என்று சோதனையில் எழுதி வையுங்கள். எது சரி என்பதை நீங்கள் தீர்மானிக்கலாம். முரண்பாடு மட்டும் கூடாது.

‘ஸ்ரீ’ 4 குறியெண், 12 பைட். ‘கொ’ ஒரே தோற்றத்தில் 2 குறியெண்ணாகவும் வரலாம், ஒற்றைக்கொம்பும் காலும் பிரிந்து 3 ஆகவும் வரலாம். ஒரு வடிவில் ஹிஸ்டரியில் உள்ள கட்டளையை மற்ற வடிவில் தேடிப் பாருங்கள். கிடைக்காவிட்டால், தேடும் முன் இரண்டையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவர வேண்டும்.

சீன எழுத்துகளும் பல எமோஜிகளும் 2 கட்டம் பிடிக்கும். வரிசையில் ஒரே கட்டம் மிச்சமிருக்கும்போது அப்படி ஒன்றைத் தட்டுங்கள்; டெர்மினல் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டு அடுத்த வரிசைக்குப் போகும். நிரலின் கணக்கும் அப்படியே போக வேண்டும்.

எட்டாம் படி: ஹிஸ்டரி, நினைவகத்தில்

11, 22, 33 என்று மூன்று கட்டளைகள் கொடுங்கள். மேல் மூன்று முறை தட்டினால் 11. நான்காவது முறையும் 11-லேயே நிற்க வேண்டும். சுற்றி 33-க்கு வரக் கூடாது, காலியாகவும் கூடாது. கீழ் மூன்று முறை தட்டினால் காலி வரி.

இப்போது 44 என்று பாதி தட்டி, என்டர் இல்லாமல் மேல், கீழ். 44 திரும்ப வர வேண்டும், கர்சர் முடிவில். அந்த அரைகுறை வரியைத் தொலைக்கும் நிரல்கள் இன்னும் இருக்கின்றன.

அடுத்து, மேல் தட்டி 33-ஐ 339 ஆக்கி, என்டர் தட்டாமல் இன்னும் மேலே போய்த் திரும்புங்கள். ரீட்லைன் அந்த மாற்றத்தை அங்கேயே வைத்திருக்கும். வேறொரு வரியை ஓட்டிய பிறகும் இயல்பு அமைப்பில் 339 நீடிக்கும். ஒருபோதும் ஓடாத கட்டளை ஹிஸ்டரியில் நிற்கும், அசல் 33 போய்விடும். வரி முடிந்ததும் பழையபடி ஆக்கும் அமைப்பு ஒன்று உண்டு, ஆனால் இயல்பில் அணைந்திருக்கும். பயனர்கள் பெரும்பாலும் இதை எதிர்பார்ப்பதில்லை என்பதால், அணைத்து வைப்பதா இயக்குவதா என்று முடிவெடுத்து அதைச் சோதனையாக்குங்கள்.

33-இல் நின்றுகொண்டு, நிறுத்தும் விசையான கன்ட்ரோல்-சியை, அதாவது 3-ஐ அனுப்புங்கள். வரி கைவிடப்பட்டு, புது ப்ராம்ப்ட் வந்து, ஹிஸ்டரியின் நிலை அடிக்குத் திரும்ப வேண்டும். அடுத்த மேல் 22 காட்டினால் நிலை மீளவில்லை.

காலி வரியும் வெற்று இடைவெளிகளும் பதிவாகக் கூடாது. ஒரே கட்டளை அடுத்தடுத்து வந்தால், நடுவில் வேறொன்று வந்து மீண்டும் வந்தால், இடைவெளியில் தொடங்கினால் என்ன நடக்கும் என்பது கொள்கை. பாஷில் இதற்கெல்லாம் தனித்தனி அமைப்புகள் உள்ளன. வரம்பை 5 ஆக்கி 6 கட்டளை கொடுங்கள், பழையது போக வேண்டும். வரம்பு 0, 1 இரண்டையும் விடாதீர்கள்.

தேடலில் நான்கு விசைகளைச் சோதியுங்கள்: என்டர் தட்டினால் கிடைத்தது ஓட வேண்டும், அம்புக்குறி தட்டினால் திருத்தத்துக்கு வர வேண்டும், 7 அனுப்பினால் தேடலுக்கு முன் இருந்த வரி அப்படியே திரும்ப வேண்டும், பொருத்தமே இல்லாதபோது பேக்ஸ்பேஸ் தட்டினால் முந்தைய பொருத்தம் வர வேண்டும். முன்னோக்கித் தேடும் 19 ஒரு தனிக் கதை. பல டெர்மினல்களில் அதே பைட் வெளியீட்டை நிறுத்தும் சைகை. அந்த வசதி அணைக்கப்படாவிட்டால் திரை உறைந்துவிடும், 17 அனுப்பினால்தான் மீளும்.

கடவுச்சொல் கேட்கும் இடத்தில் மேல் அம்புக்குறி எதையும் காட்டக் கூடாது, தட்டியது எங்கும் பதிவாகக் கூடாது. சோதனையின் முடிவில் ஹிஸ்டரிக் கோப்பில் அந்தச் சொல்லைத் தேடி, இல்லை என்று உறுதிசெய்யுங்கள். கட்டளைக்குள்ளேயே கடவுச்சொல் வரும் நிரல்களுக்கு வடிகட்டி வேண்டும். மைஎஸ்க்யூஎல் அப்படிப்பட்ட வரிகளை இயல்பாகவே ஒதுக்குகிறது.

ஒன்பதாம் படி: ஹிஸ்டரிக் கோப்பு

கோப்பு இல்லை, காலியாக உள்ளது, எழுத அனுமதியில்லை, மேல் கோப்புறையே இல்லை, கடைசி வரிக்கு முடிவில்லை, விண்டோஸ் பாணி 13 10 முடிவு, நடுவில் 0 பைட், உடைந்த யுடிஎஃப்-8 என எட்டு கோப்புகளைத் தயாராக வையுங்கள். எதற்கும் நிரல் தொடங்க மறுக்கக் கூடாது. ஹிஸ்டரி போனால் வருத்தம், நிரலே ஓடாவிட்டால் கோபம்.

அனுமதி 600 ஆக, அதாவது உரிமையாளர் மட்டும் படிக்கவும் எழுதவும் கூடியதாக, இருக்க வேண்டும். சாதாரணமாகக் கோப்பு உருவாக்கினால் பெரும்பாலும் 644 வரும், அதாவது அந்தக் கணினியில் எல்லோரும் படிக்கலாம். தற்காலிகக் கோப்பில் எழுதிப் பெயர் மாற்றும் முறை, எழுதும் நடுவில் மின்சாரம் போனாலும் பழைய கோப்பைக் காக்கும். ஆனால் அது இரண்டு இடங்களில் சறுக்கும். தற்காலிகக் கோப்புக்கும் 600 வேண்டும் என்பது ஒன்று. ஹிஸ்டரிக் கோப்பு வேறிடத்துக்கான இணைப்பாக இருந்தால், பெயர் மாற்றம் அந்த இணைப்பையே அழித்துவிடும் என்பது மற்றொன்று.

இரண்டு அமர்வுகள்: அ திறக்க, ஆ திறக்க, அ-வில் 11, ஆ-வில் 22, அ மூட, ஆ மூட. கோப்பில் இரண்டும் இருக்க வேண்டும். பாஷில் பின்சேர்க்கும் அமைப்பு அணைந்திருந்தால் கடைசியில் மூடியது கோப்பை மேலெழுதி, 11 மறையும். உங்கள் நிரலும் அப்படியா?

அமர்வை 9 என்ற சைகையால் (இயங்குதளம் நிரலுக்கு அனுப்பும் அறிவிப்பால்) கொன்றால், வெளியேறும்போது மட்டும் எழுதும் நிரல் எல்லாவற்றையும் இழக்கும். 1 என்ற சைகைக்கு, அதாவது டெர்மினல் சாளரம் மூடப்படும்போது, காப்பாற்ற வாய்ப்பு உண்டு. பாஷ் அப்போது எழுதிவிடுகிறது. இரண்டையும் ஓட்டிப் பாருங்கள்.

பல வரிக் கட்டளைகள் ஒரே உருப்படியாகத் திரும்புகின்றனவா என்பதையும் சோதியுங்கள். நேரத்தைச் சேர்த்து எழுதும்போது பாஷ், கட்டளைக்கு முந்தைய வரியில் # குறியும் வினாடி எண்ணும் வைக்கும். அதே வடிவத்தைப் பின்பற்றினால், பயனரே #1700000000 என்று தட்டினால் அடுத்த முறை படிக்கும்போது என்ன ஆகும் என்று பாருங்கள்.

பத்தாம் படி: ஒட்டலும் சைகைகளும்

மூன்று வரிகளை ஒட்டும்போது, அடைப்பிட்ட ஒட்டல் இல்லாவிட்டால் ஒவ்வொன்றும் உடனே ஓடிவிடும். இருந்தால் டெர்மினல் முன்னால் 27 91 50 48 48 126-ஐயும் பின்னால் 27 91 50 48 49 126-ஐயும் வைக்கும். நடுவில் உள்ளது திருத்தும் வரியில் வந்து காத்திருக்க வேண்டும். ஒட்டியதில் டேப் இருந்தால் கட்டளையைத் தானாக நிரப்பும் வசதி தூண்டப்படக் கூடாது. முடிவுத் தொடர் வராமலே போனால் நிரல் நிரந்தரமாக ஒட்டல் நிலையில் மாட்டிக்கொள்ளக் கூடாது.

நிரலைப் பாதி வரியில் இடைநிறுத்தி, மீண்டும் முன்னுக்குக் கொண்டுவாருங்கள். ரா நிலை மீண்டும் அமைந்து வரி வரையப்பட வேண்டும். நிரல் எந்த வழியில் முடிந்தாலும், இயல்பான வெளியேற்றம், பைட் 4, பிடிபடாத விதிவிலக்கு, 15 என்ற சைகை எதுவானாலும், டெர்மினல் அமைப்புகளை முன்னும் பின்னும் எடுத்து ஒப்பிடுங்கள். ஒரு இலக்கம் மாறினாலும் பயனர், தட்டுவது தெரியாத ஷெல்லில் விடப்படலாம்.

பதினொன்றாம் படி: தற்செயல் சோதனை

எழுத்துப் பட்டியலும் ஒரு கர்சர் எண்ணும் கொண்ட மிக எளிய மாதிரி ஒன்றை எழுதுங்கள். வேகமும் அழகும் வேண்டாம். தற்செயலாக 200 விசைகளை உருவாக்கி, மாதிரிக்கும் நிஜத் திருத்திக்கும் கொடுத்து, ஒவ்வொரு விசைக்குப் பின்னும் இரண்டையும் ஒப்பிடுங்கள். தற்செயல் வரிசையைத் தீர்மானிக்கும் விதை எண்ணைக் கட்டாயம் அச்சிடுங்கள். இல்லையென்றால் பிடித்த பிழையை மறுபடி காண முடியாது. பைத்தானின் ஹைப்போதெசிஸ் நூலகம் தோற்ற வரிசையைத் தானே சுருக்கி, ஏழெட்டு விசைகளுக்குக் கொண்டுவந்துவிடும். எழுத்துகளில் பாதி ‘நீ’, ‘கொ’, 2 கட்ட எழுத்து என்று இருக்கட்டும், அகலம் 7 முதல் 25 வரை மாறட்டும்.

எத்தனை இடங்களில் ஓட்டுவது

ஒரே நிரல் லினக்ஸில் ரீட்லைனோடும் மேக்கில் லிப்எடிட்டோடும் இணைந்திருக்கலாம். விசை அமைப்பின் இலக்கணம் இரண்டிலும் வேறு. லிப்எடிட் தன் ஹிஸ்டரிக் கோப்பில் ஒரு தலைப்பு வரியை வைத்து, இடைவெளியை \040 என்று எழுதும். அந்தக் கோப்பை ரீட்லைன் படித்தால் குறிகள் அப்படியே கட்டளையில் தெரியும். பைத்தான் 3.13 (2024) தன் ஊடாடும் ஷெல்லையே புதிதாக எழுதிக்கொண்டதால், அதற்குமுன் ரீட்லைனை மனத்தில் வைத்து எழுதிய சோதனைகள் அங்கே வேறு விடை தரலாம். ஆகவே இரண்டு இயங்குதளங்களிலும், நீங்கள் ஆதரிப்பதாகச் சொல்லும் மிகப் பழைய நூலகப் பதிப்பிலும் மிகப் புதியதிலும் ஓட்டுங்கள். பஃபர், விசைச் சோதனைகள் ஒவ்வொரு மாற்றத்துக்கும். போலி டெர்மினல் சோதனைகள், மாற்றத்தை முதன்மைக் கிளையில் இணைப்பதற்கு முன். தற்செயல் சோதனை இரவில். தோற்கும் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் அனுப்பிய பைட்டுகள், வந்த பைட்டுகள், இறுதித் திரை மூன்றையும் நேரக் குறியோடு கோப்பில் சேமியுங்கள். எப்போதாவது மட்டும் விழும் சோதனையை, விழுந்த அந்த ஒரு முறையின் பதிவு இல்லாமல் கண்டுபிடிக்க முடியாது.